விமான எஞ்சினில் காற்று செல்லும் திசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சிறிய விமானங்களின் பிஸ்டன் எஞ்சினைப் பற்றி வந்த கட்டுரையையும், எதிர்க்காற்று முன்னிருந்து பின்னாகச் சென்று சிலிண்டர்களைக் குளிர்விப்பதாக அம்புக்குறிகளுடன் அதற்கு வரைந்திருந்த படத்தையும் கண்டேன். ‘மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் போலவே’ என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. பயிற்சி விமானங்களின் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்த ஒப்புமை பாதிதான் பொருந்தும் என்று சொல்ல விரும்புகிறேன்.

மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் வெளியே தெரிகிறது. காற்று நேராக அதன்மேல் படுகிறது. நம் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172 விமானத்திலோ, படுக்கைவாட்டில் இருபுறமும் இரண்டிரண்டாக அமைந்த நான்கு சிலிண்டர்களும் மூடிக்குள் அடங்கியிருக்கின்றன. முன்புறத் திறப்புகள் வழியே நுழையும் காற்று சிலிண்டர்களுக்கு மேலுள்ள இடத்தில் அழுத்தம் கூடி நிற்க, கீழே அழுத்தம் குறைவாக இருப்பதால், அது மேலிருந்து கீழாக சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்கள் எனும் மெல்லிய தகடுகளின் இடுக்குகளில் புகுந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. அது வேறு வழியில் நழுவிவிடாதபடி பேஃபிள் எனும் தடுப்புத் தகடுகளும், அவை மூடியைத் தொடும் ஓரங்களில் ரப்பர் பட்டைகளும் உள்ளன. ஒரு பயிற்சி விமானத்தில் பின்பக்கச் சிலிண்டர் ஒன்று மட்டும் ஓயாமல் சூடேறிவந்தது. எரிபொருள், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ என்று எல்லாவற்றையும் பார்த்துக் களைத்த பிறகே, மூடியைப் பூட்டும்போது ஒரு ரப்பர் பட்டை பின்பக்கமாக மடங்கிப்போயிருந்ததைக் கண்டோம். முன்னோக்கி வளைந்திருந்தால் காற்றே அதை மூடியோடு அழுத்திப் பிடித்திருக்கும்.

சிலிண்டரின் அமைப்பையும் கட்டுரை போகிறபோக்கில் ‘நேரான குழாய்’ என்று சொல்லிவிட்டது. எஃகுக் குழாயின் மேல், சூடேற்றி விரியச் செய்த அலுமினியத் தலையைத் திருகிக் குளிரவிட்டால், அது சுருங்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும், பிறகு கழற்றுவதற்கில்லை. எரிதல் நிகழும் அந்தத் தலைப்பக்கமே மிகுதியாகச் சூடாகி விரியும் என்பதால், குழாயின் மேல்முனையை மயிரிழை அளவு குறுக்கியே கடைகிறார்கள். எஞ்சின் முழுச் சூட்டை அடைந்த பிறகுதான் அது நேரான குழாயாகிறது. குளிர்ந்த எஞ்சினை முடுக்கியவுடன் விரட்டக் கூடாது என்று பயிற்றுநர்கள் கண்டிப்பதற்கும் இதில் ஒரு காரணம் உண்டு: அலுமினியப் பிஸ்டன் எஃகைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரியக்கூடியது; குழாய் இடம் கொடுக்கும் முன்பே அது பருத்துவிட்டால் சுவரை உரசிச் சிராய்க்கும்.

எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் வேலை இன்னும் கடினமானது. செஸ்னா 172 போன்ற விமானங்களில் உள்ள லைகமிங் நிறுவன எஞ்சின்கள் பலவற்றில் இந்த வால்வின் தண்டு உள்ளீடற்றது; அதற்குள் சிறிது சோடியம் இருக்கும். சுமார் 98 டிகிரி செல்சியஸில் உருகும் அது, வால்வு முன்னும் பின்னும் ஆடும்போது தானும் குலுங்கி, வால்வுத் தலையின் வெப்பத்தைத் தண்டுக்குக் கடத்துகிறது.

வேகமாகப் பறப்பதே குளிர்ச்சிக்குப் போதும் என்ற கருத்தையும் அப்படியே ஏற்க முடியவில்லை. விமானம் மேலேறும்போது எஞ்சின் முழு வலுவில் உழைக்கிறது, வேகமோ குறைவு. வெப்பம் கூடும் நேரமே காற்று குறையும் நேரமாகவும் அமைந்துவிடுகிறது. அதனால்தான் விமானி மூக்கைச் சற்றே தாழ்த்தி வேகத்தைக் கூட்டுகிறார், எரிபொருள் கலவையையும் செறிவாக வைத்திருக்கிறார். இத்தகைய லைகமிங் எஞ்சின்களில் சிலிண்டர் தலையின் உச்ச வரம்பு 260 டிகிரி செல்சியஸ். நீண்டநாள் உழைக்க வேண்டுமானால் சுமார் 205 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது.

பள்ளி மாணவர்கள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் பக்கம் அது. எனவே படத்தின் அம்புக்குறிகளையாவது மேலிருந்து கீழாகத் திருத்தி மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்