டென்மார்க் கதையோடு நிறுத்திவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பகுதியில் டென்மார்க் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 அக்டோபரில், நாட்டைப் பிடித்து வைத்திருந்த நாஜி ஜெர்மானியர் வளைத்துப் பிடிப்பதற்குள் யூதர்களை மீன்பிடிப் படகுகளில் ஏற்றி ஸ்வீடனுக்கு அனுப்பிய கதை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரை சேர்ந்தார்கள் என்று எழுதியிருந்தது சரிதான். ஆனால் ஊரே ஒன்றுகூடிச் சிரித்த முகத்தோடு வழியனுப்பிய திருவிழா போல அல்லவா இருந்தது அந்தக் கட்டுரை! பல படகுக்காரர்கள் காசு வாங்கினார்கள். தலைக்குச் சராசரியாக ஆயிரம் குரோனர் (டென்மார்க் நாணயம்) என்கிறார்கள். கொடுக்க வழியில்லாதவர்களுக்காக மற்றவர்கள் வசூல் செய்து கொடுத்தார்கள். கீலலைய ஊரில் தேவாலயத்தின் பரணில் ஒளிந்திருந்தவர்களைக் காட்டிக்கொடுத்தவர்களும் உண்டு. சுமார் எண்பது பேர் பிடிபட்டார்கள். இதையெல்லாம் சொன்னால் டென்மார்க்கின் பெருமை குறைந்துவிடாது. பிள்ளைகள் நம்புவார்கள், அவ்வளவுதான்.

கட்டுரையின் கடைசியில் "நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று ஒரு கேள்வி. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் என்பதால் சொல்கிறேன், இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். எல்லாரும் காப்பாற்றியிருப்பார்கள்! டென்மார்க்கில் உதவி செய்து மாட்டிக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் சிறையோடு போயிற்று. போலந்தில் அப்படியில்லை. யூதருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1941 அக்டோபரிலேயே ஜெர்மன் நிர்வாகம் ஆணை போட்டிருந்தது.

அந்தப் போலந்தில், ப்ஷெமிஷ்ல் என்ற ஊரில், ஸ்டெஃபானியா போட்குர்ஸ்கா என்ற பதின்ம வயதுப் பெண் இருந்தாள். கிராமத்திலிருந்து வந்து, டியமன்ட் என்ற யூதக் குடும்பத்தின் மளிகைக் கடையில் வேலை பார்த்தவள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு நெருங்கிப் பழகியவள். அவர்களையெல்லாம் கெட்டோவுக்குள், அதாவது யூதர்களைத் தனியே அடைத்து வைத்த பகுதிக்குள், ஜெர்மானியர் அடைத்தார்கள். அவளுடைய தாயையும் சகோதரனையும் கட்டாய வேலைக்கென்று ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். மிஞ்சியது அவளும், ஆறு வயதுத் தங்கை ஹெலெனாவும்தான். டியமன்ட் குடும்பத்து மகன் ஒருவன் வதைமுகாமுக்குப் போன ரயிலிலிருந்து குதித்து இவர்கள் கதவைத் தட்டினான். அவனில் தொடங்கி, ஒருவர் பின் ஒருவராகப் பதின்மூன்று பேர் சேர்ந்தார்கள். அதற்கென்றே டாடார்ஸ்கா தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, பரணில் பொய்ச்சுவர் எழுப்பி, அதன் பின்னால் அவர்களை வைத்துக் காப்பாற்றினாள்.

ஸ்டெஃபானியா தொழிற்சாலை வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாள். ஹெலெனாவின் பங்கைத்தான் பிள்ளைகளுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். கெட்டோவுக்குத் துண்டுச்சீட்டு கொண்டுபோனது அந்தக் குழந்தைதான். பெரியவர்களைச் சோதிக்கிற காவலர்களுக்குச் சிறுமி மேல் சந்தேகம் வராது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு தப்பியிருந்தால் என்ன ஆகும் என்பது அனுப்பியவளுக்கும் தெரியும். இன்று எந்தத் தாயும் இதற்கு ஒப்ப மாட்டாள், நானும்தான். இரண்டு பேர் உள்ள வீட்டுக்குப் பதினைந்து பேருக்கான சாப்பாடு வாங்கினால் கடைக்காரர் கண்ணில் படாதா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும்போது வாய் தவறி ஒரு வார்த்தை வந்தால்? எதையாவது கண்டவுடன் வந்து ஒப்பிக்கிற வயது அது.

1944-இல் அந்த வீட்டுக்கு எதிரே ஜெர்மன் ராணுவ மருத்துவமனை வந்தது. வீட்டைக் காலி செய் என்று உத்தரவு. கடைசியில் ஓர் அறை போதும் என்று சொல்லி, ஜெர்மன் செவிலியர் இருவரை அங்கே குடிவைத்தார்கள். மேலே பரணில் பதின்மூன்று பேர். கீழே மாதக்கணக்கில் அவர்கள். இருமல், தும்மல், குழந்தை அழுகை எதற்கும் இடமில்லை. அந்த ஆண்டு ஜூலையில் சோவியத் படை வந்து சேரும்வரை இப்படியே ஓட்டினார்கள்.

இந்தச் சகோதரிகளையும் அதே பகுதியில், அதே அளவு இடம் கொடுத்து எழுதுங்கள். அந்தக் கேள்வியை மட்டும் மாற்றிவிடுங்கள்: "ஹெலெனா யாரிடமெல்லாம் பேசாமல் இருந்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள், பிள்ளைகள் யோசிப்பார்கள். 'அப்புறம் என்ன ஆச்சு' என்றும் கட்டாயம் கேட்பார்கள். பதின்மூன்று பேரும் பிழைத்தார்கள். ரயிலிலிருந்து குதித்தவனையே ஸ்டெஃபானியா மணந்துகொண்டார். ஹெலெனா போலந்திலேயே மருத்துவரானார். நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்காக இஸ்ரேலில் உள்ள யாத் வஷெம் நினைவகம் 1979-இல் இருவரையும் கௌரவித்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திண்டுக்கல்