கன்று வீசிய பசுவும் என் மகளின் வேலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வு முடிவுகள் வரும் நாள்களில் உங்கள் கல்விப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். மருத்துவம், சட்டம், கணக்கியல் எல்லாம் வருகின்றன. காட்டு விலங்குகளின் உடல்நலம் பார்க்கும் படிப்பைப் பற்றி இதுவரை நான் படித்ததில்லை.

என் மகள் கால்நடை மருத்துவம் படித்தவள். மேற்படிப்புக்கு அமெரிக்கா போன இடத்தில், இரண்டு குளிர்காலமாக வயோமிங் மாநிலத்தில் எல்க் மான்களை ஆராயும் குழுவில் பருவகால வேலை பார்க்கிறாள். போன தீபாவளிக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தது மான் புழுக்கை பொறுக்கவா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அன்று எனக்கு வாய் எழவில்லை. இன்று பதில் சொல்கிறேன்.

இங்கே மலேசியாவில், ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்மரம் சீவினார். லயத்துக்குப் பின்னால் ஒரே கொட்டகையில் 7 மாடுகள். விடியுமுன் கறந்து வீடுவீடாக ஊற்றிவிட்டுத்தான் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போவார். எனக்கு 11 வயதில் எங்கள் செவலைப் பசு ஏழாம் மாதத்தில் கன்று வீசியது, அதாவது சினை கலைந்து குறைக்கன்று விழுந்தது. அப்பா வெறுங்கையால் நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுத்தார். பக்கத்தில் கட்டியிருந்த மாடுகள் கழுத்தை நீட்டி அந்த ஈரத்தை முகர்ந்தன, நக்கின. அடுத்தடுத்து மேலும் மூன்று மாடுகள் கன்று வீசின. கண்பட்டுவிட்டது என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். பிறகு அப்பாவுக்கே மாலையானால் காய்ச்சல், மூட்டு வலி. மாட்டிடமிருந்தோ மனிதரிடமிருந்தோ ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தவர் இல்லை. மாடுகளை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்த்தோம்.

மகள் முதன்முதலில் தொலைபேசியில் மாடுகளைக் கன்று வீசவைத்து, மனிதருக்குக் காய்ச்சலும் மூட்டு வலியும் தரும் புருசெல்லா கிருமியைப் பற்றிச் சொன்னபோது அந்தக் கொட்டகைதான் என் கண்முன் வந்தது. மாடுகளிடமிருந்து காட்டுக்குள் போன நோய் அது. யெல்லோஸ்டோன் பூங்காவின் காட்டெருமைகளிடம் 1917-லேயே கண்டார்கள். அமெரிக்காவின் மாடுகளில் அதை ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். ஆனால் அந்த வட்டாரத்து எல்க் கூட்டங்களில் அது தங்கிவிட்டது. அங்கிருந்து பண்ணை மாடுகளுக்குத் திரும்பி வருகிறது. குளிர்காலத்தில் மான்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று வயோமிங்கில் நூறு வருடங்களுக்கு மேலாகத் தீவனம் போடுகிறார்கள். ஜாக்சன் ஊரை ஒட்டி 1912-ல் ஏற்பட்ட எல்க் சரணாலயத்தில் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகின்றன. நல்லபடியாக ஈனும் எல்க் தனியே ஒதுங்கி ஈன்று, அந்த இடத்தை நக்கித் துப்புரவாக்கிவிடும். தீவனத் திடலில் ஒன்று கன்று வீசினாலோ மற்றவை சூழ்ந்துகொண்டு முகரும். எங்கள் கொட்டகையேதான்.

மகளின் குழு பெட்டை மான்களை மயக்கிப் பிடிக்கிறது. 200 கிலோவுக்கு மேல் எடை. கண்ணைத் துணியால் மூடி, உடல் சூடேறிவிடாமல் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இரத்தம் எடுக்க வேண்டும். சினையா, நோய் தொட்டிருக்கிறதா என்று அந்த இரத்தம் சொல்லிவிடும். குழாய் பனியில் உறைந்துவிடாமல் மேலங்கிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வாளாம். சினை மானின் பிறப்புறுப்பினுள் சிறு கருவி ஒன்றை வைக்கிறார்கள். கன்றோடு அது வெளியே வந்து குளிர்ந்ததும் சமிக்ஞை மாறும். நரி தின்பதற்குள் தேடிப் போக வேண்டும். வீசிய கன்றாக இருந்தால் முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு பையில் எடுக்கிறாள். என் அப்பா வெறுங்கையால் தொட்டது அதைத்தான். ஆம், புழுக்கையும் பொறுக்குகிறாள். குடற்புழுக்களை அதில்தான் பார்க்க முடியும். மான்களின் மூளையை அரிக்கும், மருந்தே இல்லாத இன்னொரு நோயும் அங்கே உண்டு. 1967-ல் கொலராடோவில் முதலில் தென்பட்டது. வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் தலைகளிலிருந்து நிணநீர்க் கணுக்களை எடுத்து அதையும் சோதிக்கிறார்கள்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று நெகிரி செம்பிலானில் இருக்கும் நாம் கேட்க முடியாது. 1998-99-ல் பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த நிப்பா கிருமி நம் நாட்டில் 105 உயிர்களைக் கொண்டுபோனது. தொடக்கத்தில் கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். அந்த நோய் பரவிய புக்கிட் பெலாண்டோக் நமக்கு எவ்வளவு தூரம்?

செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படிக்கலாம், மலேசியா கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். மாட்டோடும் காட்டோரத்தோடும் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். உங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு வாரம் இதற்கு இடம் ஒதுக்குங்கள் ஐயா. மகள் ஆகஸ்டில் விடுமுறைக்கு வருகிறாள். இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி எது அழைத்தாலும் நானே அவளை அழைத்துவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ரந்தாவ், நெகிரி செம்பிலான்