ஒட்டுகிற வருத்தம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் பேத்திக்கு மூன்று வயது. ஐந்தாம் மாதத்தில் முதுகிலும் வயிற்றிலும் மண்ணிறப் புள்ளிகள் வந்தன. நுளம்புக்கடி என்று நினைத்தோம். நுளம்புக்கடி ஒரு கிழமையில் மாறிவிடும்; இவை மாறவில்லை, கூடிக்கொண்டே போயின. சொறி என்று சொன்னார்கள், வீட்டில் எல்லோரும் மருந்து பூசினோம். முன்பள்ளியில் மற்றப் பெற்றோர் முறையிட, "மாறின பிறகு கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பினார்கள். தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் போட்டபடி பிள்ளை படலையடியில் நின்று அழுதது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

தோல் வைத்திய நிபுணர் ஒரு புள்ளியைப் பேனையின் பின்பக்கத்தால் நாலைந்து தரம் தேய்த்தார். சில நிமிடங்களில் அந்த இடம் மட்டும் மயிர்க்கொட்டி பட்டதுபோலச் சிவந்து தடித்தது. இதற்கு 'டாரியர் அறிகுறி' என்று பெயராம். பிறகு சிறு துண்டுத் தோல் எடுத்துச் சோதித்து, மாஸ்டோசைட்டோசிஸ் என்று உறுதிப்படுத்தினார்கள். ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் கலங்கள் தோலில் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்திருக்கின்றன. உரசினாலோ, சுடுதண்ணீர் பட்டாலோ, உடம்பு சூடேறினாலோ அவை ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை வெளிவிடும். அரிப்பும் தடிப்பும் அதனால்தான். கைக்குழந்தைகளுக்குக் கொப்புளமும் வரலாம். சில பிள்ளைகளுக்கு ஒரேயொரு தடிப்பு மட்டும் இருக்கும். வீட்டில் தேய்த்துப் பார்க்க வேண்டாம். அதனால் பிள்ளை உடம்பெல்லாம் சிவந்து மயங்கவும் கூடும்.

"வயிற்றில் இருக்கும்போது எதையோ தின்றிருப்பாய்" என்று என் மகளிடம் சொன்னவர்கள் பலர். அவள் அதை நம்பி எத்தனை இரவு அழுதாள்! சாப்பாட்டால் வருவதில்லை இது. பெரும்பாலும் கிட் என்னும் மரபணுவில் தானாக ஏற்படும் மாற்றம். தாய் தகப்பனிடமிருந்து வருவது மிக அரிது. 1869 இலேயே இங்கிலாந்தில் எழுதி வைக்கப்பட்ட நோய். பிள்ளைகளில் பெரும்பாலும் பதின்ம வயதுக்குள் குறைந்துவிடும். பெரியவர்களுக்குப் புதிதாக வந்தால் எலும்பு மச்சை வரை பார்க்க வேண்டியிருக்கும். அவர்கள் கிளினிக்குக்குப் போகப் பிந்தக்கூடாது.

பேத்திக்கு ஒவ்வாமைக் குளிசை கொடுக்கிறோம். குளித்தால் துவாயால் ஒற்றி எடுக்கிறோம். அஸ்பிரின், இபுபுரோஃபன் போன்றவை சிலருக்குத் தடிப்பைக் கிளப்பும் என்பதால் வைத்தியரைக் கேட்காமல் ஒன்றும் கொடுப்பதில்லை. எங்கள் பக்கத்துக் காடுகளில் குளவி கொட்டுவதுதான் எனக்குப் பெரிய பயம். இந்தப் பிள்ளைகளுக்கு அது கடுமையாகலாம்.

முன்பள்ளி ஆசிரியைமாரே, சித்திரை வெயிலில் இப்படியொரு பிள்ளை ஓடினால் நிழலுக்குக் கூப்பிடுங்கள். மற்றப் பிள்ளைகளோடு பாயில் இருக்க விடுங்கள். யாருக்கும் ஒட்டாது.

ஒரு அம்மம்மா,
ஒட்டுசுட்டான்.