நொதி மருந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தன்னுடல் தாக்கு நோய்களுக்கு நொதிகள் (என்சைம்கள்) மருந்தாகலாம் என்ற தங்கள் கட்டுரையை என் அண்ணன் மகள் ஆவலோடு படித்துக் காட்டினாள். அவளுக்கு லூபஸ்; உடலின் நோயெதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் அத்தகைய நோய். வெயில் பட்டால் கன்னம் சிவந்து மூட்டு வீங்கிவிடும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையுமாகத்தான் காட்பாடிக்கு பஸ் ஏறுகிறாள். அடுத்த வாரமே கடைவீதியில் ஒருவர் ‘நொதி மாத்திரை’ என்று ஒரு டப்பாவை அவள் அம்மாவிடம் விற்றுவிட்டார். பழைய மாத்திரையை நிறுத்தலாமா என்று அண்ணி என்னைக் கேட்டபோது பயந்துபோனேன்.

உயிரியல் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் சொல்கிறேன், அந்தக் கட்டுரையின் நம்பிக்கை வீண் அல்ல. இறந்த செல்களிலிருந்து சிதறும் டிஎன்ஏவை வெட்டி அகற்றுபவை டிஎன்ஏஸ் நொதிகள். குப்பை வண்டி வராத தெருவைப் போல அந்த டிஎன்ஏ தேங்கினால், அதையே பகையாக எண்ணி உடல் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) செய்கிறது; இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகின்றன. டிஎன்ஏஸ்1 இல்லாத எலிகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்ததை 2000-இல் கண்டார்கள். அதன் உறவு நொதியான டிஎன்ஏஸ்1எல்3-இன் மரபணு பழுதான குழந்தைகளுக்கு லூபஸ் வருவது 2011-இல் தெரிந்தது.

ஆனால் 1999-இலேயே டிஎன்ஏஸ்1-ஐ லூபஸ் நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்துவிட்டார்கள். பெரிய தீங்கு இல்லை, நோயும் அசையவில்லை. கட்டுரையில் இது இடம்பெறவில்லை. எதிர்ப்பொருளையே வெட்டும் இம்லிஃபிடேஸ் என்ற பாக்டீரிய நொதிக்கு ஐரோப்பா 2020-இல் நிபந்தனையோடு அனுமதி தந்தது, அதுவும் சிறுநீரக மாற்று சிகிச்சைக்குத்தான்.

இவை இரண்டும் உடலுக்குள் செலுத்தப்பட்டவை. நொதி ஒரு புரதம். டிஎன்ஏஸை மாத்திரையாக விழுங்கினால் வயிறு அதைப் பருப்பைப்போலச் செரித்துவிடும். இரத்தத்தில் வேலை செய்ய அது மிஞ்சாது. இந்த ஒரு வரி அச்சில் இருந்திருந்தால் அந்த டப்பா விற்றிருக்காது.

இனி இத்தகைய செய்தி வரும்போது, ஆய்வு சோதனைக்குழாயிலா, எலியிலா, மனிதரிலா என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். லூபஸுக்கு மருத்துவர் தந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது என்பதையும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கண் பரிசோதனை வேண்டும் என்பதையும் பெட்டிச் செய்தியாகச் சேருங்கள். எங்கள் வீட்டில் அந்த மாத்திரை தொடர்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.