ஃபாதர், பாஸ்டர் ஐயா, உப்புவெளி ஆன்ட்டி, எல்லாருக்கும்

இது உங்களுக்கு நன்றி சொல்ல எழுதிற கடிதம். பேர் போட்டு எழுதாத எண்டு உங்கள்ல ரெண்டு மூண்டு பேர் முந்தியே சொல்லிட்டீங்க, அதால ஒருத்தற்ற பேரும் போடேல்ல. வாசிக்கேக்க யார் யார் எண்டு உங்களுக்கே விளங்கும்.

நான் மன்னார் பக்கம், கத்தோலிக்கப் பிள்ளை. திருகோணமலை கம்பஸ் கிடைச்ச உடன அம்மா கேட்ட முதல் கேள்வி, அங்க பூசைக்குப் போக கோயில் கிட்டவா எண்டதுதான். கம்பஸ் இருக்கிற கோணேசபுரியில இறங்கிப் பாத்தா ஒரு பக்கம் நிலாவெளி ரோட்டு, மற்றப் பக்கம் வெயில். முதல் வருசம் நான் கோயிலுக்குப் போனதே அம்மா போன்ல கேப்பா எண்ட பயத்திலதான், உண்மையைச் சொன்னா.

செக்கண்ட் இயர்ல, சோதினைக்கு 11 நாள் இருக்கேக்க, அப்பா போயிட்டார். கடலால வந்து வலையைப் போட்டிட்டு நெஞ்சு நோகுது எண்டு படுத்தவராம். எனக்கு சேதி வரேக்க இரவு ஒன்பது மணி தாண்டிட்டு, அந்த நேரம் மன்னாருக்கு எங்க பஸ். ரூம் பிள்ளைதான் கம்பஸ் பிள்ளைகளைப் பாக்கிற ஃபாதருக்கு கோல் எடுத்தவள், நான் அவரோட அதுக்கு முதல் ஒழுங்கா கதைச்சதே இல்ல. முக்கால் மணித்தியாலத்தில பங்கு வான் ஹொஸ்டல் வாசல்ல நிண்டுது. ஃபாதர் வானை ஓட, கன்னியாஸ்திரி சிஸ்டர் எனக்குப் பக்கத்தில. ஹொரவப்பொத்தான தாண்டி வவுனியா வரைக்கும் ரெண்டு பேரும் எனக்கு ஒரு ஆறுதல் வசனம் கூட சொல்லேல்ல, வவுனியாவில ஒரு கடையில பிளேன்ரீ வாங்கித் தந்து "குடி பிள்ளை, அம்மாவைப் பாக்க தெம்பு வேணும்" எண்டார், அவ்வளவுதான். ஃபாதர், அந்தப் பேசாம இருந்ததுக்குத்தான் முதல் நன்றி.

ஏனெண்டா பிறகு பேசின ஆக்கள் கன பேர். 31ம் நாள் பூசை முடிஞ்சு கம்பஸ் வந்தா, கடவுள் நல்ல ஆக்களைத்தான் கெதியா எடுப்பார் எண்டு ஒருத்தர், விசுவாசம் குறைஞ்சாத்தான் மனம் இப்பிடி விழும் எண்டு இன்னொருத்தர். ஜெபக்கூட்டத்திலயே சொன்னாங்க. நான் கோயிலுக்குப் போறதையே விட்டிட்டன். ரெண்டு கிழமை கழிச்சு ஃபாதர் ஹொஸ்டல் வாசலுக்கு வந்து, ஏன் வரேல்ல எண்டு கேக்காம, திருப்பாடல் 88ஐ வாசிச்சுப் பார் எண்டிட்டுப் போயிட்டார். வாசிச்சன். மற்றப் பாட்டெல்லாம் அழுது அழுது கடைசியில ஒரு நம்பிக்கையில போய் நிக்கும், இது இருட்டிலயே முடியுது. இப்பிடி ஒண்டையும் வேதத்துக்குள்ள வச்சிருக்காங்களே எண்டு எனக்கு முதல் தடவையா மூச்சு வந்த மாதிரி இருந்திச்சு. (மெதடிஸ்ட் பிள்ளைகள் இதை சங்கீதம் எண்டுவாங்க, நாங்க திருப்பாடல் எண்டுவம், அதுக்கே எங்கட குறூப்பில அரை மணித்தியாலம் சண்டை நடக்கும்.)

பாஸ்டர் ஐயா, நான் கத்தோலிக்கப் பிள்ளை எண்டு தெரிஞ்சும் புதன்கிழமை கூட்டத்தில கடைசி வாங்கில சும்மா இருக்க விட்டீங்க. பாடு எண்டும் சொல்லேல்ல, சாட்சி சொல்லு எண்டும் கேக்கேல்ல. அது பெரிய உதவி ஐயா.

ஆனா நித்திரை வரேல்ல, சாப்பாடு இறங்கேல்ல, படிக்க இருந்தா எழுத்தே தெரியேல்ல. ஃபாதர்தான் "செபம் மட்டும் காணாது பிள்ளை, டொக்டரையும் பாப்பம்" எண்டு சொன்னவர். ஒரு சாமியார் வாயால இதைக் கேக்கேக்க எனக்கிருந்த வெக்கத்தில பாதி போயிட்டு. சிஸ்டர் கிளினிக்குக்கு மூண்டு தரம் என்னோட வந்து வரிசையில இருந்தவ, கையில செபமாலை, வாயில முழுக்க கிரிக்கெட் கதை. இரவில தாங்க ஏலாட்டி எடு எண்டு 1926 எண்ட மனநல உதவி நம்பரை என்ர போனில சேவ் பண்ணித் தந்ததும் அவதான். ரெண்டு தரம் எடுத்தனான், இப்ப சொல்ல வெக்கமில்ல.

சித்த மருத்துவம் படிச்ச என்ர கூட்டாளி, நீ சைவப் பிள்ளை, ஆனா இருட்டு ரோட்டில நான் தனிய வரக்கூடாது எண்டு ஒவ்வொரு புதனும் கூட்டம் முடியும் வரைக்கும் உள்ள வந்து இருந்தாய். பதிலுக்கு நான் உன்னோட கோணேஸ்வரத்துக்கு ஏறி வந்தன், அங்க கல்லில இருந்து கடலைப் பாத்து அழுத நாள்தான் நான் முதல்ல ஒழுங்கா அழுத நாள். நீர்கொழும்பு சிங்களப் பிள்ளைகளுக்கும் நன்றி, நான் தவறவிட்ட லெக்சர் நோட்ஸ் எல்லாம் உங்கட கொப்பியில இருந்துதான் வந்திச்சு. ரிப்பீட் இல்லாம பாஸ் பண்ணினன் எண்டு பெருமை அடிக்க ஏலாது, ரெண்டு பாடம் ரிப்பீட்தான், ஆனா முடிச்சிட்டன்.

கடைசியா உப்புவெளி ஆன்ட்டி. ஞாயிறு பூசை முடிய உங்கட சின்ன வீட்டில ஒன்பது பத்துப் பிள்ளைகள், பாரை மீன் குழம்பு, சொதி, பாயில நெருக்கி இருந்து சாப்பாடு. நான் சாப்பிடாத நாளில கேள்வி கேக்காம கட்டித் தந்து விட்டீங்க. இந்த நவம்பர் 2 அப்பாவின்ர கல்லறைக்கு மெழுகுதிரி கொழுத்திட்டு அடுத்த கிழமை அம்மாவோட திருகோணமலை வாறன். உங்கட ரிஃபின் கரியர் என்னட்டதான் இருக்கு ஆன்ட்டி, மேல் மூடி மட்டும் துலைஞ்சிட்டு, பேசாதீங்க.