வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குக் காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் கூடிப் பேசுகிறோம். பேச வேண்டியவை:

1. வாய்ப்பேச்சில் விட்டவர்கள் உடனே ஒப்பந்தம் எழுதுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி எழுத்தில் இருக்க வேண்டும், எழுதிய 90 நாளுக்குள் பதிவும் வேண்டும்.
2. முன்பணம் மூன்று மாத வாடகை போதும்.
3. ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட சிமெண்ட் கல்) தரையில் ஆசிட் ஊற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே சேருங்கள். போன வருடம் எங்கள் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஆசிட் பட்டு ஒரே நாளில் பூவெல்லாம் வெளுத்துவிட்டது; இன்னும் மனசு ஆறவில்லை. தண்ணீரில் துடைத்து, அப்புறம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்தாலே பளபளக்கும்.
4. சாவி கொடுக்கும் முன் நிலை, கதவு, தூண் எல்லாவற்றையும் படம் எடுங்கள்.
5. ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றிவிடுங்கள்.

வருபவர்கள் வெள்ளிக்குள் இங்கே பதில் போடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் சொன்னால் வீடியோவில் சேர்த்துக்கொள்கிறேன்.