நண்பருக்குக் கடிதம்: உளவு அமைப்புகளை யார் கேள்வி கேட்பது?

மன்னார்குடி

அன்புள்ள சபேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. இங்கே சம்பா நடவு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பாமணியில் தண்ணீருக்குக் குறைவில்லை.

உளவு அமைப்புகளை நாடாளுமன்றம் கண்காணிக்க வேண்டும் என்று நான் எழுதியதற்கு, ரகசியம் எம்.பி.க்களிடம் தங்காது என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டாய். மக்களவைச் செயலகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவனின் சொல் என்பதால் அதைத் தள்ளிவிட முடியவில்லை. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

சென்ற மாதம் இங்கே நடந்த விவசாயிகள் கூட்டத்தில், வழக்கம்போலக் காவல்துறையில் உளவு பார்க்கும் தனிப்பிரிவு ஏட்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேசியவர்களின் பெயர்களைச் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். அவரை எல்லோருக்கும் தெரியும். தேநீர் கொடுத்து உபசரித்ததும் நாங்கள்தான். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அந்தக் குறிப்பு எங்கே போகிறது, யார் படிக்கிறார், எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க ஓர் இடமில்லையே என்பதுதான் என் கவலை.

மாநிலத்தை விடு, டெல்லியில் மட்டும் என்ன வாழ்கிறது? 1887இல் வெள்ளையர் தொடங்கியதிலிருந்து வளர்ந்த உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.க்கும், 1968இல் உருவான வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வுக்கும் அதிகாரத்தையும் வரம்பையும் வகுக்கும் தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. 1985இல் வந்த சட்டமோ அங்கே பணிபுரிவோரின் சங்க உரிமையையும் பேச்சுரிமையையும் கட்டுப்படுத்துவதோடு நின்றுவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்திலிருந்தும், ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் நீங்கலாக, இவற்றுக்கு விலக்கு உண்டு. அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி 2010இலேயே நாடாளுமன்றக் கண்காணிப்பு வேண்டுமென்று பேசினார். மறு ஆண்டு காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி அதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசு கொண்டுவராத இத்தகைய மசோதாக்கள் சட்டமாவதே அரிது என்பது உனக்குத் தெரியாததா?

அதற்குத்தான் ஒட்டுக்கேட்பு ஆணைகளைச் சரிபார்க்கும் மறு ஆய்வுக் குழு இருக்கிறதே என்பாய். தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியே வந்தது அது. ஆனால் அதில் இருப்பவர்கள் அமைச்சரவைச் செயலாளரும் துறைச் செயலாளர்களும்தான். நீதிபதியும் இல்லை, எம்.பி.யும் இல்லை. மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணைகளைப் பிறப்பிப்பதையும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் இக்குழு ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருப்பதையும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் சுட்டிக்காட்டியது. ஓர் ஆணைக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், இரவு பகல் பாராமல் பத்து நாளுக்கு மேல் உட்கார வேண்டும்! 2024இல் வந்த புதிய விதிகளிலும் குழுவின் அமைப்பு மாறவில்லை. காவிரியில் தண்ணீர் திறந்துவிடுபவர் சொல்லும் கணக்கையா நாம் ஏற்கிறோம்? மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளந்து சொல்லும் கணக்கைத்தானே கேட்கிறோம்?

வெளிநாட்டு ஏற்பாடுகளை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவும் மாட்டேன். அமெரிக்காவில் 1975இல் செனட்டர் சர்ச் தலைமையிலான குழு உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை விசாரித்த பிறகு, அவற்றைக் கண்காணிக்க நிலைக்குழுக்கள் அமைந்தன. இருந்தும் உளவுத் துறையில் ஒப்பந்தப் பணியாளராக இருந்த ஸ்னோடன் 2013இல் ஆவணங்களை வெளியிடும்வரை, தொலைபேசிப் பதிவுகள் மொத்தமாகத் திரட்டப்பட்டது மக்களுக்கு உறுதியாகத் தெரியாது. குழுவில் இருந்த செனட்டர் ரான் வைடனுக்குத் தெரிந்திருந்தும் வாய் கட்டப்பட்டிருந்தது. பிரிட்டனில் உளவு அமைப்புகளைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழு ரஷ்யத் தலையீடு பற்றி எழுதிய அறிக்கை 2019 அக்டோபரில் பிரதமரிடம் போய், இடையே தேர்தலும் முடிந்து, 2020 ஜூலையில்தான் வெளியானது. ஆகவே குழு அமைத்தால் போதாது. அறிக்கையை எத்தனை நாளுக்குள் வெளியிட வேண்டும், எதை மட்டும் மறைக்கலாம் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

ரகசியம் தங்குமா என்ற உன் கேள்விக்கு வருகிறேன். நம் நாடாளுமன்றக் குழுக்கள் எல்லாமே மூடிய அறையில்தான் கூடுகின்றன. நீயே எத்தனை கூட்டங்களுக்குக் குறிப்பெடுத்திருக்கிறாய்! என் கவலை வேறு. நிலைக்குழு உறுப்பினர்களின் பதவிக்காலம் ஓராண்டுதான். ஒரு துறையின் பெயர்களும் நடைமுறைகளும் பிடிபடுவதற்குள் ஆளே மாறிவிடுவார். எனவே இரு அவைகளிலிருந்தும் ஏழெட்டுப் பேர் மக்களவையின் முழுக்காலத்துக்கும் இருக்க வேண்டும். பொதுக் கணக்குக் குழுவைப் போலத் தலைமை எதிர்க்கட்சிக்குப் போக வேண்டும். நடக்கும் நடவடிக்கைகளில் தலையிடாமல், முடிந்தவற்றின் கோப்பையும் செலவையும் வரவழைத்துப் பார்க்கும் அதிகாரமும், அதைப் படித்துச் சொல்லத் தெரிந்த நிரந்தர அலுவலர்களும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். அலுவலர் இல்லாத குழு அதிகாரிகள் எழுதிக்கொடுத்ததைத்தான் வாசிக்கும்.

பாதுகாப்புத் துறையின் ரகசியக் கோப்புகள் குழுக்களுக்கு எப்படி வந்தன, எவற்றைத் தர மறுத்தார்கள், மறுத்தபோது தலைவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லக்கூடிய வரையில் விவரமாக எழுது. அடுத்த மாதம் இங்குள்ள வழக்கறிஞர்களுடன் இதைப் பேசலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் உன் மறுமொழி வந்தால் நல்லது.

அன்புடன்,
கோதண்டராமன்